உட்கார்ந்தபடி வரைந்த வீடு

பழவேற்காடு
18.11.1995

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சலேத் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீயும் எமல்டா அண்ணியும் சுகமாக இருப்பதாக ஒரு வரி வந்தால் போதும்.

சுகத்தை முதலில் எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன். போன வாரக் காற்றில் வீட்டுக் கூரை போய்விட்டது. போன வருஷப் புயலில் உன் மச்சானைக் கடல் எடுத்துக்கொண்டது, இந்த வருஷம் கூரையைக் காற்று கொண்டுபோனது. நானும் இன்னும் ஆறு குடும்பமும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருக்கிறோம். சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு படுக்கிறோம். திரும்பிப் படுத்தால் பக்கத்து வீட்டுக்காரி முழங்கை இடிக்கிறது.

உன் மச்சான் பேரில் வந்த பணத்தை நான் தொடவில்லை. அதில் ஒரு கல் வீடு கட்டப் போகிறேன். இருபது வருஷமாக பெங்களூரில் எஞ்சினியர் ஆபீசில் ஊரார் வீடெல்லாம் வரைகிறாயே, தங்கைக்கு ஒன்று வரைந்து கொடு. காற்றும் உப்பும் தண்ணீரும் என்ன ஆட்டம் போட்டாலும் நிற்கிற வீடாக இருக்கட்டும். அடுத்த ஐப்பசிக்குள் நான் அதற்குள் போய்விட வேண்டும். இன்னொரு மழைக்காலத்தை இந்த வராந்தாவில் என்னால் கழிக்க முடியாது.

ஒரு தடவை நேரில் வந்து மனையைப் பார். அடக்கத்துக்கு வந்தவன்தான், வருஷப் பூசைக்குக்கூட வரவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய்.

அன்புத் தங்கை
சலேத்


லிங்கராஜபுரம், பெங்களூர்
2.12.1995

அன்புத் தங்கை சலேத்துக்கு ஆம்ப்ரோஸ் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், எமல்டா நலம். உன் உடம்பைக் கவனித்துக்கொள். வராந்தாவில் பனி இறங்கும், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு படு.

வீடு வரைந்து தருகிறேன். அதைவிட எனக்கு வேறு என்ன வேலை? ஆனால் இப்போது வர முடியாது. ஆபீசில் லீவு என்ற பேச்சை எடுத்தாலே எஞ்சினியர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தூரத்திலிருந்தே வரைந்துவிடலாம். நீ எனக்குக் கண்ணாக இருந்தால் போதும்.

மனையை நாலு பக்கமும் அளந்து எழுது. கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்காதே, கயிறு நனைந்தால் நீளும். டேப் வாங்கிக்கொள். புயலன்று தண்ணீர் எதுவரை ஏறியது? கோவில் சுவரில் கறை இருக்கும், அதைப் பார்த்துச் சொல். காற்று முதலில் எங்கிருந்து வந்தது, பிறகு எந்தப் பக்கம் திரும்பியது, கூரை முதல் காற்றில் போனதா, திரும்பிய காற்றில் போனதா? கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதையும் வாயில் விட்டுப் பார்த்து எழுது.

இதெல்லாம் தெரியாமல் ஒரு கோடு போட மாட்டேன்.

உன் அண்ணன்
ஆம்ப்ரோஸ்


அதே தேதி. அனுப்பாதது.

சலேத், இதை நான் தபாலில் சேர்க்கப் போவதில்லை. சேர்க்கவேண்டுமென்றால் எமல்டாவிடம் கொடுக்க வேண்டும், அவள் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள்.

மச்சானை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய ஐந்தாவது வாரம், ஒரு கட்டடத்தில் சென்ட்ரிங் பலகை நழுவி நான் இரண்டு மாடி கீழே விழுந்தேன். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருஷமாக இந்த மாடி வீட்டைவிட்டு இறங்கவில்லை. எஞ்சினியர் நல்லவர், வேலையை வீட்டுக்கே அனுப்புகிறார். எமல்டா கார்மென்ட்ஸுக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு, சாவியைக் கீழ்வீட்டு ஓஸ்வால்டிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். சாயங்காலம்வரை நானும் இந்த வரைபலகையும்தான்.

கேட்டால் சிரிப்பாய். இந்த வீட்டுப் படிக்கட்டை வரைந்தவன் நானே. கீழே கடைக்கு இடம் வேண்டும் என்று வீட்டுக்கார ஓஸ்வால்ட் கேட்டார், நான் படியை இரண்டேகால் அடிக்குக் குறுக்கிக் கொடுத்தேன். ஏழாவது படியில் ஒரு திருப்பம். எங்கள் இரும்பு பீரோவே அதில் ஏறவில்லை, பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் தூக்கினோம். சக்கர நாற்காலியும் அதில் திரும்பாது.

உனக்குத் தெரிந்தால் நீ வீடு கட்ட மாட்டாய். அந்தப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இங்கே வந்து என் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொட்டுவாய். அடுத்த ஐப்பசியில் மறுபடி வராந்தாவில் படுப்பாய். அதனால் நான் நலம்.


பழவேற்காடு
14.1.1996

அன்புள்ள அண்ணனுக்கு, சலேத். குளிரில் ஒரு வாரம் இருமல் இருந்தது, இப்போது சுகம். நீங்கள் இருவரும் சுகமா?

மனை, கிழக்கே கடலைப் பார்த்து நாற்பதடி, உள்ளே போகிற நீளம் அறுபதடி. டேப்பில்தான் அளந்தேன். தண்ணீர்க் கறை கோவில் சுவரில் என் இடுப்புக்கு இருக்கிறது, மூன்றடி. முதலில் வாடைக்காற்றுதான் அடித்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. முடிந்தது என்று நாங்கள் வெளியே ஓடி வந்தோம், அப்போது தெற்கிலிருந்து வந்தது பார், கூரை போனது அதில்தான். கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் உப்புப் போட வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருக்கிறது. கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் வேண்டும். கடல் பக்கம் ஓட்டை வைக்கக்கூடாது என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். உன் மச்சான் போன திசையை மூடிவிட்டு நான் எப்படி அந்த வீட்டில் இருப்பேன்?

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று நண்டு எடுத்து வைத்திருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் குழம்பு வைத்துவிட்டேன். அண்ணியாவது இரண்டு வரி எழுதக்கூடாதா?

சலேத்


லிங்கராஜபுரம்
25.2.1996

அன்புள்ள சலேத், நாங்கள் நலம். இருமலுக்கு ஆடாதோடை போட்டுக் கொதிக்க வைத்துக் குடி. எமல்டாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம், எழுத நேரமில்லை என்று சொல்லச் சொன்னாள்.

இத்துடன் நாலு தாள் வருகிறது. மேஸ்திரி கையில் கொடுப்பதற்கு முன் நீ படித்துக்கொள்.

தண்ணீர் மூன்றடி என்றால் பேஸ்மட்டம் நாலடி. வீடு பதினெட்டுக்கு முப்பது. குறுகலான பக்கம் கடலைப் பார்க்கட்டும், காற்றுக்கு அகன்ற மார்பைக் காட்டக்கூடாது. வாசல் மேற்கே. தூணும் சுவரும் கூரையும் ஒரே கம்பிக்கட்டாகப் பிடித்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் ஒரு சட்டிகூடக் கலவைக்குள் போகக்கூடாது, கிணற்றுத் தண்ணீரும் கூடாது. உப்பு உள்ளே போனால் கம்பி பத்து வருஷத்தில் துருவேறிப் பொரிந்துவிடும். ஆற்று மணல், லாரித் தண்ணீர். மேஸ்திரி கேலி செய்வார், செய்யட்டும்.

ஜன்னல் கேட்டாய், கொடுத்திருக்கிறேன். கண்ணாடி இல்லை, இரண்டு அங்குலப் பலகை. புயல் வந்தால் குறுக்கே கட்டையைப் போட்டு அடைத்துக்கொள். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காதே. காற்று அடிக்கிற பக்கத்தை அடைக்கும்போது எதிர்ப்பக்கத்து ஜன்னலில் ஒன்றைத் திறந்து வை. எல்லாவற்றையும் சாத்தி உள்ளேயே இருந்தால் பத்திரம் என்றுதான் தோன்றும். உள்ளே அடைபட்ட காற்றுதான் கூரையைப் பெயர்க்கும்.

உன் அண்ணன்
ஆம்ப்ரோஸ்


பழவேற்காடு
20.5.1996

அன்புள்ள அண்ணனுக்கு, சலேத். வெயிலில் கறுத்துப்போனேன், மற்றபடி சுகம்.

பேஸ்மட்டம் முடிந்து சுவர் ஏறுகிறது. ஜெயராமன் மேஸ்திரி முதலில் மணலுக்கு முறைத்துக்கொண்டார். "எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த மணல்லதாம்மா கட்றோம்" என்றார். உங்கப்பா கட்டின வீடு எது நிற்கிறது, காட்டுங்கள் என்றேன். மறுநாள் ஆற்று மணல் வந்துவிட்டது.

நேற்று உன் நாலாவது தாளை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "அண்ணன் நல்லாத்தான் போட்ருக்காரு. ஆனா எல்லாமே கீழ கீழ இருக்கே. சுவிட்சு ரெண்டேமுக்கால் அடி, சமையல் மேடை ரெண்டேகால் அடி, சட்டை மாட்ற ஆணி மூணரை அடி. கடல் பக்கத்து ஜன்னல் தரையிலேர்ந்து ரெண்டே அடியில ஆரம்பிக்குது. ஏம்மா, இந்த வீட்ல யாரும் எழுந்து நிக்க மாட்டீங்களா?"

நானும் சிரித்தேன். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு முன் நான் உன் ஆபீசுக்கு வந்திருக்கிறேன். உயரமான சாய்வு மேசையில் நீ நின்றுகொண்டுதான் வரைவாய், ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு. இருபது வருஷத்தில் ஒரு அளவு தப்பியதாக யாரும் உன்னைச் சொன்னதில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது அண்ணா? இது கடிதத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை.

சலேத்


லிங்கராஜபுரம்
2.6.1996

சலேத்துக்கு, நலம்.

மேஸ்திரி சொன்னதுதான் சரி. அவசரத்தில் போட்டது, தப்பு என்னுடையது. நாலாவது தாளில் உள்ள எல்லா உயரத்தையும் ஒன்றேகால் அடி ஏற்றிக் கட்டச் சொல். மழைக்கு முன் கான்கிரீட் போட்டு முடிக்க வேண்டும், கடிதம் எழுதி நாளை வீணாக்காதே.

ஆம்ப்ரோஸ்


பழவேற்காடு
8.9.1996

அண்ணா,

மூன்று மாதம் நான் எழுதவில்லை, நீயும் ஏன் என்று கேட்கவில்லை. இதில் நான் சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீயும் இனிமேல் எனக்கு நலம் என்று எழுதாதே.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி நான் லிங்கராஜபுரம் வந்தேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தேன். கண்டக்டர் கன்னடத்தில் திட்டினார், எதற்கென்று தெரியவில்லை. உன் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று நிமிர்ந்தேன். பால்கனிக் கம்பிக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருந்தாய். நான் மூன்று டீ குடித்தேன், நீ எழுந்திருக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்தார். "யாரும்மா வேணும்? சும்னே ரொம்ப நேரமா நிக்கறீங்களே" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். ஆம்ப்ரோஸ் தங்கை என்றேன். "சாரு எங்கயும் போகமாட்டாரும்மா. ஒன்னரை வருசத்துக்கு மேல ஆச்சு, மேலயேதான் இருக்காரு" என்று சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தார். மீதியையும் அவர்தான் சொன்னார்.

ஏறினேன். ஏழாவது படியில் ஒரு திருப்பம் வந்தது. அங்கே நின்றுவிட்டேன். உள்ளே நீ ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். மேலே வந்தால் நான் அழுவேன், நீ சிரிப்பாய், இரண்டு பேரும் ஆளுக்கொரு பொய் சொல்லி அன்றைக்கு முடித்துவிடுவோம். அதனால் இறங்கினேன். ஓஸ்வால்டிடம் சாவியைக் கொடுத்து, நான் வந்ததை உங்களிடம் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். எனக்கு உன்மேல் அவ்வளவு ஆத்திரம். இப்போதும் இருக்கிறது.

வீட்டில் எதையும் ஒரு அங்குலம்கூட ஏற்றவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து நான் சமைத்துக்கொள்வேன். ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். நாலடிக்கு ஆறு படி வரைந்திருக்கிறாய். ஜெயராமன் மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே வண்டி ஏற்றுகிற சரிவுப் பாதையை அளந்து வந்தார். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி ஓட வேண்டுமாம். நாலடிக்கு நாற்பத்தெட்டு. தெற்குச் சுவரை ஒட்டி முப்பதடி, திரும்பி மேற்குச் சுவரை ஒட்டிப் பதினெட்டடி, நேராக வாசலில் வந்து நின்றது. மேஸ்திரி இரண்டு தடவை டேப் பிடித்துப் பார்த்தார். படியை எடுத்துவிட்டோம்.

நீயும் அண்ணியும் இங்கே வந்துவிடுங்கள்.

சலேத்


லிங்கராஜபுரம்
19.9.1996

சலேத்,

நான் வேண்டுமென்று அப்படி வரையவில்லை. எனக்கென்று வரையவும் இல்லை. கை எட்டுகிற உயரம் எது என்று பக்கத்துச் சுவரில் கையை வைத்துப் பார்த்து, அதைத்தான் போட்டேன். என் கை எட்டுகிற உயரமே குறைந்துபோனது அப்போது நினைவில் இல்லை. மேஸ்திரி கேட்டதை நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்றுதான் அது எனக்கே தெரிந்தது. எமல்டாவிடம் சொன்னேன், அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஆனால் நான் வரமாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து என்னை இந்த மாடிக்கு நாலு பேர் ஏற்றினார்கள். திருப்பத்தில் நாற்காலி திரும்பவில்லை. என்னை ஒரு பெட்ஷீட்டில் கிடத்தி நாலு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள். கீழே ரோட்டில் போன ஒரு பெரியவர் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

இன்னொரு தடவை அப்படி இறங்க என்னால் முடியாது. உண்மையிலேயே அப்படி இறங்குகிற நாள் வரும், அப்போது எனக்குத் தெரியாது, அது போதும். நீ கூரையை முடி. சரிவுப் பாதைக்கு ஆன சிமென்ட் வீண்.

ஆம்ப்ரோஸ்


பழவேற்காடு
14.12.1996

அண்ணா,

வீடு நிற்கிறது. அதை முதலில் தெரிந்துகொள்.

இந்தப் புயல் வந்ததும் போகவில்லை. கடலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நின்று நாள் கணக்கில் எங்களை அலைக்கழித்தது. தண்ணீர் பேஸ்மட்டத்தில் மூன்றேகால் அடிவரை ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. உள்ளே முப்பத்தொரு பேர் இருந்தோம். பள்ளிக்கூடத்து வராந்தா ஓடு அத்தனையும் பறந்துவிட்டது. நாங்கள் அங்கே இருந்திருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது.

பக்கத்துத் தெரு ஜகதாம்பாளுக்குப் போன வருஷத்திலிருந்து நடக்க முடியாது. போன புயலில் அவளைத் தூக்க ஆளில்லாமல் கோணியில் போட்டு இழுத்தோம். இந்தத் தடவை மீன் வண்டியில் உட்கார வைத்துச் சரிவுப் பாதையில் தள்ளினோம், நேரே வீட்டுக்குள் வந்துவிட்டாள். சிமென்ட் வீண் என்று எழுதினாயே.

வாடை அடித்தபோது தெற்கு ஜன்னலைத் திறந்து வைத்தேன். மூடச் சொல்லி எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அண்ணன் சொல்லியிருக்கிறான் என்றேன். கூரை அசையவில்லை. காற்று அடங்கிய காலையில் கடல் பக்கத்துப் பலகையைத் திறந்தோம். தரையில் படுத்திருந்த ஜகதாம்பாள், "ஏ சலேத், எனக்கே தெரியுதுடி கடலு" என்றாள். இரண்டு அடியில் வைத்த ஜன்னல் அது.

அடைபட்ட காற்றுக்கு ஒரு வழி விடச் சொன்னவன் நீதான். உனக்கு மட்டும் எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பாய்?

பெட்ஷீட் வேண்டாம். படிக்கட்டும் வேண்டாம். உங்கள் பீரோ பால்கனி வழியாக ஏறியதை ஓஸ்வால்ட் அன்றைக்கே சொன்னார், அந்த வழியில் நீ இறங்கலாம். பொங்கல் முடிந்ததும் நானும் எங்கள் குப்பத்து ஆட்கள் நாலு பேரும் வருகிறோம். படகு இழுக்கிற வடமும் கப்பியும் கொண்டுவருகிறோம். ஆயுசு முழுக்கப் படகை ஏற்றி இறக்கியவர்கள், ஒரு நாற்காலி அவர்களுக்குப் பெரிதில்லை. உன்னைப் படுக்க வைக்க மாட்டோம். உட்கார்ந்தபடி, ரோட்டைப் பார்த்தபடி இறங்குவாய். யாராவது நெற்றியில் சிலுவை போட்டால் நீ கையைத் தூக்கி வணக்கம் சொல்லு.

பால்கனி எவ்வளவு உயரம், கம்பிக்கு இடையே எவ்வளவு அகலம் என்று எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். அளவு தெரியாமல் அவர்கள் வடம் எடுக்க மாட்டார்கள். மனமிருந்தால் அளந்து அனுப்பு.

சலேத்


லிங்கராஜபுரம்
2.1.1997

சலேத்,

பால்கனித் தரையிலிருந்து ரோடுவரை பத்தடி ஒன்பது அங்குலம். எமல்டா மேலே டேப்பைப் பிடித்தாள், கீழ் முனையை ஓஸ்வால்ட் பிடித்தார். இரண்டு தடவை அளந்தோம்.

கைப்பிடிக் கம்பி மூன்றடி உயரம். கம்பிக்கு மேலே தூக்கி இறக்க வேண்டாம், ஆடும். இடது கோடியில் நாலடி அகலத்துக்குக் கம்பியை அறுத்துக் கதவு மாதிரி வைத்துக்கொள்ள ஓஸ்வால்ட் சம்மதித்துவிட்டார். வெல்டரை வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மேலே லிண்டல் உத்தரத்தில் கப்பி மாட்ட இரும்பு வளையம் இருக்கிறது, பீரோவுக்கு அடித்தது. அது தாங்கும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்காலியின் அகலம் இரண்டடி இரண்டு அங்குலம். நாற்காலியோடு என் எடை எழுபத்தொரு கிலோ. வடம் நனையாமல் கொண்டுவரச் சொல், நனைந்தால் நீளும்.

எமல்டா கம்பெனியில் சொல்லிவிட்டாள். துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் ஒன்று வரைபலகைக்கு அடியில் இருந்தது. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டுவதென்றால் நேரில் திட்டு.

ஆம்ப்ரோஸ்